எண்ணும் ஏடும்: பழைய வேட்டை ரைபிள்களின் உலகம்

அரிய வேட்டை ரைபிள் சேகரிப்பின் மையத்தில் இருப்பவை, 1870களுக்கும் 1939க்கும் இடைப்பட்ட காலத்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் கைவேலையாகச் செய்யப்பட்ட பெருவிலங்கு ரைபிள்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ஜான் ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், பர்டி, டபிள்யூ. ஜே. ஜெஃப்ரி போன்ற சில பட்டறைகள் இவற்றுக்குப் பேர்போனவை. இங்கிலாந்தில் யானையும் கிடையாது, புலியும் கிடையாது. செய்தது அங்கே, சுமந்ததும் சுட்டதும் இந்தியக் காடுகளிலும் ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும். அதனால்தான் இன்றும் லண்டன் ஏல அறையில் ஒரு பழைய தோல்பெட்டியைத் திறந்தால், மூடியில் ஒரு சமஸ்தானத்தின் சின்னமோ கல்கத்தாக் கடையொன்றின் விலாசச் சீட்டோ கண்ணில் படுவதுண்டு.

ரைபிளுக்கும் ரவைத் துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாடு குழலின் உட்சுவரில் இருக்கிறது. ரவைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. ரைபிளின் குழலுக்குள் திருகாணியின் மரைபோல முறுக்கிச் செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. அவற்றில் கவ்விக்கொண்டு வெளியேறும் குண்டு பம்பரம்போலச் சுழல்கிறது. சுழல்வதால் நேராகப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்பினமும் உண்டு. கர்னல் ஃபாஸ்பரி என்பவர் 1885இல் காப்புரிமை பெற்று, ஹாலண்ட் பட்டறை செய்து விற்ற ‘பாரடாக்ஸ்’ துப்பாக்கியில் குழலின் கடைசிச் சில அங்குலங்களுக்கு மட்டும் வரிப்பள்ளம் இருக்கும். ரவை போட்டுக் காட்டுக்கோழியைச் சுடலாம், அதே குழலில் ஒற்றைக் குண்டு போட்டு மிளாவையும் சுடலாம். என்ன எதிர்ப்படும் என்று தெரியாத இந்தியக் காட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

கருமருந்துக் காலத்தில் ஒரு துப்பாக்கியின் வலுவைக் கூட்ட வேண்டுமானால் குண்டைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ‘12 போர்’ என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறோமே, அந்தக் கணக்கு இங்கிருந்து வந்ததுதான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை நுழையும் குழல் 12 போர். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரிடம், பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் கிப்ஸ் 1840இல் செய்து கொடுத்த ஒற்றைக்குழல் ரைபிள் ஒன்று இருந்தது. எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ. அதில் போடும் கூம்புக் குண்டு மட்டும் 113 கிராம். சுட்டவரின் தோளும் வாங்கிக்கொள்ள வேண்டியதைத் தவறாமல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் எதிரே ஒரு வெண்புகைத் திரை எழும். அந்தத் திரைக்கு அப்பால் யானை விழுந்ததா, பாய்ந்து வருகிறதா என்பது சில நொடிகளுக்குத் தெரியாது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வேறொரு வழி பிறந்தது. சிறிய குண்டுக்கு அதிக மருந்து; எடைக்குப் பதில் வேகம். அந்த வேகத்தை அக்காலத்தின் புதுமையான ரயிலோடு ஒப்பிட்டு பர்டி பட்டறை வைத்த பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையான திருப்பம் கார்டைட்டோடு வந்தது. நீலகிரியில் 1903இல் தொடங்கிய அருவங்காடு தொழிற்சாலையால் இந்தச் சொல் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கலந்து பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல இழை இழையாகப் பிழிந்தெடுக்கும் புகையில்லா மருந்து அது. 1898இல் ஜான் ரிக்பி பட்டறை இதை .450 அங்குலக் குழலுக்கு ஏற்றவாறு தோட்டாவில் அடைத்தது. 70 கிரெயின் கார்டைட், அதாவது நாலரைக் கிராம். 31 கிராம் குண்டு. நொடிக்கு 650 மீட்டருக்குச் சற்றே மேலான வேகம். ‘நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ என்ற குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுதான். பேக்கரின் பீரங்கிபோன்ற சுமைக்குப் பதிலாக, ஐந்து கிலோவை ஒட்டிய எடையில், புகையின்றி, யானையை நிறுத்தக்கூடிய ரைபிள் கைக்கு வந்துவிட்டது.

இந்தத் தோட்டாக்களைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, இவ்வளவு மருந்துக்கு ஏன் இத்தனை நீளமான பித்தளைக் கூடு என்றுதான். விடை வெயிலில் இருக்கிறது. வெப்பம் ஏறினால் கார்டைட் எரியும்போது எழும் அழுத்தமும் ஏறும். சித்திரை வெயிலில் காய்ந்த தோட்டாவைச் சுட்டால், கூடு குழலோடு இறுகிக்கொண்டு வெளியே வராமல் போகலாம். எதிரே காயம்பட்ட புலி நிற்கும்போது அது உயிர்போகிற சங்கதி. ஆகவே கூட்டைப் பெரிதாக்கி, அழுத்தத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்தார்கள்.

.450 கொடிகட்டிப் பறந்த நேரத்தில் அரசாங்கம் குறுக்கே வந்தது. இந்தியாவில் பட்டாளம் பயன்படுத்திய பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குழலும் .450தான். வேட்டைத் தோட்டா என்ற பெயரில் இறக்குமதியாவது கிளர்ச்சிக்காரர்களின் கைக்குப் போய்விடக்கூடும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அந்த அளவை இந்தியாவிலும் சூடானிலும் தடைசெய்தது. பட்டறைகளுக்கு இந்தியச் சந்தை போனால் பிழைப்பே போகும். தடைக்குள் சிக்காத அளவுகளை ஆளுக்கொன்றாகச் செய்யத் தொடங்கினார்கள். ஹாலண்ட் .465 செய்தது, ஜோசப் லாங் .470 செய்தார்; வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 செய்தது. இவற்றில் .470 எல்லோருக்கும் பொதுவாகி இன்றுவரை உயிரோடு இருக்கிறது. சேகரிப்பில் புதிதாக இறங்குகிறவரைக் குழப்பும் இந்த எண்களின் கூட்டம் வேட்டைக்காரர்களின் தேவையிலிருந்து பிறந்ததல்ல. ஒரு தடையாணையைச் சுற்றிக்கொண்டு போன பாதைகளின் வரைபடம் அது.

அந்தக் காலத்துப் பட்டறைவேலையின் உச்சம் இரட்டைக்குழல் ரைபிள். இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு தனித்தனிப் பூட்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று சுடும். முதல் வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் இடையில் கையை நகர்த்த வேண்டியதில்லை, ‘கிளிக்’ என்ற ஓசைகூட எழாது. பூட்டின் அமைப்பில் இரண்டு வகை உண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சனும் டீலியும் 1875இல் உருவாக்கிய அமைப்பில் பூட்டு, குழலையும் கட்டையையும் இணைக்கும் நடு இரும்புக்குள்ளேயே அடங்கிவிடும். இதற்கு ‘பாக்ஸ்லாக்’ என்று பெயர். மற்றொன்றில் பூட்டு இரு பக்கமும் தனித் தகடுகளில் பொருத்தப்பட்டிருக்கும். இது ‘சைடுலாக்’. தகட்டின் பரப்பு பெரிதென்பதால் சித்திரவேலைக்கு இடமும் அதிகம், விலையும் அதிகம். உழைப்பில் பாக்ஸ்லாக் எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. சைடுலாக் என்றாலே உசத்தி என்று நினைத்துக் காசைக் கொட்டுவது புதியவர்கள் தொடர்ந்து செய்யும் தவறு.

இரண்டு குழலையும் இணைகோடாக ஒட்டினால் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும் என்று தோன்றும். விழாது. வலக்குழல் வெடிக்கும்போது அதிர்ச்சி ரைபிளை வலப்பக்கம் தள்ளுகிறது. இடக்குழல் இடப்பக்கம் தள்ளுகிறது. இதைச் சரிக்கட்டக் குழல்களின் வாய்ப்பக்கத்தைச் சற்றே ஒன்றையொன்று நோக்கிச் சாய்த்து ஒட்ட வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்பதைக் காகிதக் கணக்கில் முடிவுசெய்ய முடியாது. அதற்கென்றே பழகிய கைவினைஞர் ஒருவர் ரைபிளைச் சுடுகளத்துக்கு எடுத்துப்போவார். வலக்குழலில் ஒன்று, இடக்குழலில் ஒன்று சுடுவார். குறிப்பலகையில் இரண்டு துளைகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்ப்பார். குழல்வாயின் ஈயப்பற்றைச் சூடாக்கி இளக்கி, நடுவில் உள்ள சிறு ஆப்பை ஒரு மயிரிழை தட்டி, ஆறவிட்டு மறுபடி சுடுவார். பிறகு மறுபடியும் சூடு, தட்டு, ஆறவிடு, சுடு. தோட்டாக்கள் பெட்டி பெட்டியாகக் காலியாகும். நூறு கஜத்தில் இரண்டு குழலின் குண்டுகளும் உள்ளங்கையகலத்துக்குள் விழும்வரை அந்த வேலை ஓயாது. இது ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்கு மட்டும் செய்யப்படும் இசைகூட்டல். மருந்தை மாற்றினால், குண்டின் எடையை மாற்றினால், சுருதி கலைந்துவிடும். எனவேதான் பழைய இரட்டைக்குழல் ரைபிளை வாங்குகிறவர் அது எந்தத் தோட்டாவுக்கு இசைக்கப்பட்டது என்பதை முதலில் கேட்கிறார். பல ரைபிள்களின் குழலடியில் மருந்தின் அளவும் குண்டின் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவு கைவேலைக்கு விலை கொடுக்க மகாராஜாவாலோ பெரிய அதிகாரியாலோதான் முடியும். மற்றவர்களுக்கு வழிகாட்டியது ஜெர்மனியின் மௌசர் அமைப்பு; கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒற்றைக்குழல் ரைபிள் அது. ரிக்பி பட்டறை மௌசர் ரைபிள்களை வரவழைத்து, ஆங்கிலேயரின் தோளுக்கேற்பக் கட்டை போட்டு, நேர்த்தியாக முடித்து விற்றது. 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவுக்கு ‘.275 ரிக்பி’ என்று பெயரும் சூட்டியது. ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பாலானவற்றை இந்தச் சிறு தோட்டாவால்தான் வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவைத்திருந்ததுதான் காரணம். 1911இல் அதே பட்டறை பெரிய மௌசர் அமைப்பில் .416 ரிக்பியைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்ட .416கள் மிகக் குறைவு; இன்று அசல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் கூட்டம் கூடிவிடுகிறது.

அமெரிக்க ரைபிள்களில் நமக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 மாதிரியில் .405 தோட்டாவைப் போட்டுப் பயன்படுத்தியவர் பெங்களூருக்காரரான வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரி, பென்னாகரம், அஞ்செட்டி என்று அன்றைய சேலம் மாவட்டக் காடுகளில் அவர் சுமந்து திரிந்தது அந்த ரைபிளைத்தான். பட்டறைக் கைவேலை இல்லாத தொழிற்சாலைச் சரக்குதான். ஆனாலும் ஆண்டர்சனின் எழுத்தைப் படித்து வளர்ந்த இந்தியச் சேகரிப்பாளருக்கு .405 என்ற எண்ணே ஒரு தனிக் கிளர்ச்சி.

இந்தியாவில் வேட்டை ரைபிள்கள் கைமாறியது நகரத்துப் பெருங்கடைகள் வழியாக. கல்கத்தாவில் மாண்டன், ரோடா, லயன் அண்ட் லயன், வால்டர் லாக் ஆகியவை பேர்பெற்ற கடைகள். ரோடா கடைக்கு வரலாற்றில் இன்னோர் இடமும் உண்டு. 1914 ஆகஸ்டில் அதற்கு வந்திறங்கிய சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சியாளர்கள் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். குழலின்மேல் இத்தகைய கடையின் பெயர் பொறித்திருப்பதால் அதைச் செய்தது அந்தக் கடைதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைகள் பெரும்பாலும் பர்மிங்காமில் செய்வித்துத் தம் பெயரைப் பொறித்துக்கொண்டன. யார் செய்தது என்பதைச் சின்னஞ்சிறு முத்திரைகளும் வரிசை எண்ணும்தான் சொல்லும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் கலைந்தன. 1960களில் பிரிட்டனின் தோட்டாத் தயாரிப்பாளரான கைனாக் கம்பெனி பெரிய நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்கள் செய்வதை நிறுத்தியது. தோட்டா இல்லாத ரைபிளை யார் வாங்குவார்கள்? இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலி போன்ற விலங்குகளின் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது; கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. அரண்மனை ஆயுதசாலைகளின் ரைபிள்கள் அடிமாட்டு விலைக்குக் கைமாறி வெளிநாடு போனது இந்தக் காலத்தில்தான். ஹாலண்ட் பட்டறையே .600 அளவில் ‘கடைசி ரைபிள்’ என்று ஒன்றைச் செய்து, இனி அந்த அளவில் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்து விற்றது. பின்னாளில் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர் தமக்கும் ஒரு .600 வேண்டும் என்று கேட்டபோது பட்டறை வாக்கை மீறவில்லை. அதனினும் பெரிய .700 ஒன்றை 1980களின் இறுதியில் புதிதாக உருவாக்கியது. தம்மிடம் இருப்பது கடைசி என்ற நம்பிக்கையில் பணம் கொடுத்தவருக்கு இழைக்கக்கூடிய துரோகத்தை அது செய்யவில்லை என்பதைச் சேகரிப்பாளர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். 1990களில் கைனாக் பெயரிலேயே தோட்டாக்கள் மீண்டும் வரத் தொடங்க, பழைய ரைபிள்களின் விலையும் எழுந்து நின்றது.

ஒரு ரைபிளின் மதிப்பை எடைபோடும் வேலை வரிசை எண்ணில் தொடங்குகிறது. லண்டன் பட்டறைகள் ஒவ்வொரு ரைபிளுக்கும் ஓர் எண் கொடுத்து, யாருக்காக, எந்த அளவில், எத்தனை அங்குலக் குழலோடு, எந்தத் தேதியில் முடிந்தது என்று பேரேட்டில் எழுதிவைத்தன. ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் அந்த எண்ணுக்குரிய பதிவைச் சான்றிதழாகத் தருவார்கள். பேரேட்டில் 26 அங்குலக் குழல் என்று இருந்து, கையில் உள்ளது 24 அங்குலம் என்றால் எவரோ குழலை வெட்டியிருக்கிறார்கள். பேரேட்டில் .450 என்று இருந்து, கையில் உள்ளது .470 என்றால் குழலே மாறியிருக்கிறது. பெட்டிச் சீட்டின் விலாசமும் சாட்சி சொல்லும். ரிக்பியின் செயின்ட் ஜேம்ஸ் தெரு விலாசம் முந்தையது, சாக்வில் தெரு பிந்தையது. ரைபிளின் காலமும் சீட்டின் காலமும் பொருந்தாவிட்டால் பெட்டி வேறெங்கிருந்தோ வந்தது.

அடுத்தது சோதனை முத்திரை. பிரிட்டனில் எந்தத் துப்பாக்கியும் சோதனைச்சாலையில் அளவுக்கு மீறிய மருந்தோடு சுட்டுத் தேறிய பிறகே விற்பனைக்கு வர முடியும். லண்டனில் இதை நடத்தும் துப்பாக்கிக் கம்மியர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் வந்தது. குழலின் அடிப்புறத்தில் கிரீடமும் எழுத்துமாக இருக்கும் இந்த முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு ரைபிள் எங்கே, எந்த விதிக்காலத்தில், கருமருந்துக்கா கார்டைட்டுக்கா சோதிக்கப்பட்டது என்பது புரிந்துவிடும். பிற்கால முத்திரை ஒன்று கூடுதலாக இருந்தால் இடையில் பெரிய மராமத்து நடந்திருக்கலாம் என்று பொருள். கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் கார்டைட் தோட்டாவைச் சுடுவது கையையும் கண்ணையும் பறிக்கக்கூடிய காரியம்.

பிறகுதான் ரைபிளைக் கையில் எடுப்பார்கள். குழலைக் கழற்றி, அடிக்கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டு, விரல்கணுவால் மெல்லத் தட்டுவார்கள். நல்ல குழல் கோயில்மணிபோலக் கணீரென்று நீண்டு ஒலிக்கும். இரண்டு குழலையும் பிணைக்கும் பட்டையின் ஈயப்பற்று எங்காவது விட்டிருந்தால் ஓட்டைப்பானையைத் தட்டினாற்போல ‘தொப்’ என்று அடங்கிவிடும். குழலை மாட்டி மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் குழலின் பின்முகத்துக்கும் நடு இரும்புக்கும் இடையே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் மூட்டு தேய்ந்துவிட்டது.

நிறத்தைப் படிப்பதுதான் கடினம். நடு இரும்பை எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்துக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால், எண்ணெய் சிந்திய மழைநீரில் தெரிவதுபோல நீலமும் பழுப்பும் சாம்பலுமாக நிறங்கள் படரும். நூறாண்டு கைபட்டு, வியர்வை பட்டு அது மங்கி வெள்ளியாகிவிடும். ஆனாலும் விரல் போகாத மூலைகளில், விசைக்காப்பின் ஓரத்தில், பூட்டுத்தகடு கட்டையோடு சேரும் விளிம்பில் பழைய நிறம் தங்கியிருக்கும். கைபடும் இடத்திலும் கைபடா இடத்திலும் ஒரே மாதிரி பளபளப்பாக நிறம் இருந்தால் அது அண்மையில் போட்ட நிறம். திருகாணிகளும் நிறைய சொல்லும். நல்ல பட்டறையின் திருகாணித் தலையில் காடி மிக மெல்லியதாக, குழலுக்கு நேர்கோட்டில் நிற்கும். காடி கிழிந்து சாய்ந்து நின்றால் தகாத கை தகாத கருவியோடு உள்ளே போயிருக்கிறது. பழைய பொருளைப் புதிதுபோல ஆக்குவது அதன் மதிப்பைக் கூட்டும் என்று நினைத்துச் சாணைபிடித்து, மெருகேற்றி, சித்திரவேலையின் முனைகளை மழுக்கி விற்கவருபவர்கள் இன்றும் உண்டு. அந்த மெருகு அழித்ததை எந்தக் கைவினைஞராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இத்தனைக்கும் மேலே நிற்பது யாருடைய கையில் இருந்தது என்பதற்கான சான்று. ஆட்கொல்லியான சம்பாவத் பெண்புலியால் மாண்டவர்கள் 436 பேர் என்று கணக்கிடப்பட்டது. 1907இல் அதைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹெவெட் பரிசளித்தது ஒரு .275 ரிக்பி. அதன் கட்டையில் பதித்த வெள்ளித்தகடு அந்தச் செய்தியைச் சொல்கிறது. அந்தப் புலியை வீழ்த்தியது இந்த ரைபிள் அல்ல. ஆனால் 1926இல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையின் கதையை முடித்தது இதுதான். கார்பெட் 1955இல் கென்யாவில் மறைந்த பிறகு அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வசம் இருந்து, 2015இல் அதைச் செய்த ரிக்பி பட்டறைக்கே திரும்பியது. மறு ஆண்டு இந்தியாவுக்கு எடுத்துவந்து, கார்பெட் வாழ்ந்த காலாதுங்கிப் பக்கத்து மக்களுக்குக் காட்டினார்கள். கார்பெட்டின் இரட்டைக்குழல் ஜெஃப்ரி .450/400 அமெரிக்க எழுத்தாளர் எல்மர் கீத் கைக்குப் போய், அவருடைய சேகரிப்போடு 2015இல் ஏலத்துக்கு வந்தது. ஹெமிங்வேயிடம் இருந்த வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .577 ரைபிள் 2011இல் ஏறக்குறைய 3,40,000 டாலருக்குப் போனது. தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு 1909இல் ஆங்கில நண்பர்கள் சேர்ந்து பரிசளித்த ஹாலண்ட் ரைபிள் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகர ஃபிரேசியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே வகை ரைபிள் பெயர் தெரியாத ஒரு காட்டிலாகா அதிகாரியிடம் இருந்திருந்தால் விலை பல மடங்கு குறைவு. எனவேதான் பெயரைப் பின்னாளில் பொறித்து ஏமாற்றுவதும் நடக்கிறது. கடிதம், புகைப்படம், பேரேட்டுப் பதிவு ஆகிய மூன்றில் ஒன்றாவது பின்னால் நிற்காத பெயருக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இவற்றோடு சேர்த்துப் படிக்கவேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972இல் இந்தியாவில் எடுத்த புலிக்கணக்கு 1,827. இந்த ரைபிள்களின் அழகைப் போற்றும் எந்த நூலும் அந்த எண்ணைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

இந்தியாவில் இவற்றை வைத்திருக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் தருவது மாவட்டங்களில் ஆட்சியர், மாநகரங்களில் காவல் ஆணையர். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டின் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தாத்தாவின் துப்பாக்கி என்பதற்காகப் பேரன் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. வாரிசு தம் பெயரில் உரிமம் வாங்கும்வரை அது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ இருக்க வேண்டும். பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் உள்ள தொன்மையான ஆயுதங்களுக்கு மட்டும் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. நூறாண்டு கடந்த கைவினைப்பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படி வருவதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் 1898இலோ அதற்கு முன்போ செய்தது கூட்டாட்சிச் சட்டப்படி தொன்பொருளாகக் கருதப்படுகிறது. பிரிட்டனில் தோட்டா கிடைக்காமல் வழக்கொழிந்த அளவுகளுக்கென்று தனிப்பட்டியலே உண்டு. சில கருமருந்து ரைபிள்கள் அங்கே உரிமமின்றி அலங்காரப்பொருளாகச் சுவரில் தொங்குவது அதனால்தான்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் பராமரிப்பு அன்றாடக் கவலை. விரல்ரேகையின் உப்பே இரண்டு நாளில் இரும்பில் துருப்புள்ளியாகும். தொட்டபின் எண்ணெய்த்துணியால் துடைப்பது கட்டாயம். எவ்வளவு அழகாக இருந்தாலும் அசல் தோல்பெட்டிக்குள் ரைபிளை நெடுநாள் வைக்கக் கூடாது. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து இரும்பில் விடும். நிறுத்திவைக்கும்போது குழல்வாய் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் எண்ணெய் மெல்ல வடிந்து கட்டையின் கழுத்தில் ஊறி, வால்நட் மரத்தைக் கறுக்கவைத்து மிருதுவாக்கிவிடும்; சில ஆண்டுகளில் அந்த இடம் அதிர்ச்சி தாங்காமல் விரிசல் விடும். பட்டறைச் சான்றிதழையும் பழைய கடிதங்களையும் அந்தப் பெட்டியில் போடாமல், எண்ணெய் படாத அட்டையுறையில் வேறொரு அலமாரியில், நகலோடு வைக்கிறார்கள்.